இருபத்து மூன்றாம் நம்பர் மிஷின்

பாஞ்சாலியின் மிஷினில் ஊசி உடைந்தது, ஆயுத பூஜை முடிந்த ஆறாம் நாள், சாயங்காலம் நாலரை மணிக்கு. பூஜைக்கு முன்னால் இல்லை, பின்னால். இதை மட்டும் மனசில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டில் நீலத் தகரம் போட்ட கம்பெனி அது. வெளிநாட்டுக் குழந்தைகளுக்குக் கவுன் தைத்து அனுப்புகிற இடம். உள்ளே நாலு லைன். ஒரு லைனுக்கு நாற்பது மிஷின், நாற்பது பெண்கள். ஒருத்தி கழுத்து வைப்பாள், அடுத்தவள் கை மூட்டுவாள், அதற்கடுத்தவள் அடி மடிப்பாள். இப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசி மிஷினில் கவுன் முழுசாக வந்து விழும். பாஞ்சாலிக்கு நாலாம் லைனில் இருபத்து மூன்றாம் மிஷின். பதினோரு வருஷமாகக் கை மூட்டுகிறாள். மானாம்பதியில் அவள் புருஷன் ராஜாராமுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. ஏரி நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் பாஞ்சாலி.

ஆயுத பூஜை அன்று கம்பெனியில் ஒவ்வொருத்தியும் தன் மிஷினைத் தானே துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். அடுத்தவள் மிஷினுக்கு அடுத்தவள் வைக்கமாட்டாள். அந்த வருஷம் பொட்டு வைக்கப் போனால், வழக்கமாக வைக்கிற இடத்தில், மிஷின் தலையில், மஞ்சளாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் ஏதோ நம்பர். தைக்கிற அவசரத்தில் அதுவரை அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னாடி இது, எங்க வெக்கறதுனே தெரியல" என்றாள் பாஞ்சாலி.

பக்கத்து மிஷின் செவ்வந்தி, "ஆடிட்டுக்காம் யக்கா. போன வாரம் ரெண்டு பேரு வந்து ஒட்டிக்கினு போனானுங்க. சூப்பர்வைசரு ஏகாம்பரம்தான் சொன்னான்" என்றாள்.

"சாமிக்கு ஆடிட்டு கெடையாது" என்று சொல்லிவிட்டு, பாஞ்சாலி ஸ்டிக்கரின் மேலேயே மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த செவ்வந்தியும் அப்படியே செய்தாள். பொரி, கடலை, ஆளுக்கொரு வாழைப்பழம். அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினார்கள்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைத் துணி பாருங்கள், அதனால் அங்கே ஊசிக்குச் சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் ஏகாம்பரம் வருவான். உடைந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒரு அட்டையில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசி ஆகிறதா என்று பார்ப்பான். முழுசாக ஆனால்தான் புது ஊசி. முனை மட்டும் காணவில்லை என்றால் அந்தக் கட்டுத் துணி முழுவதும், இரும்பு இருந்தால் கத்துகிற பரிசோதனை மிஷினுக்குப் போகும். முக்கால் மணி நேரம் லைனே நிற்கும். ஒவ்வொரு மிஷினிலும் பலகை போல ஒரு சின்னத் திரை வைத்திருக்கிறார்கள். மணிக்கு இத்தனை என்று பச்சையாக ஓடிக்கொண்டே இருக்கும், கை சுணங்கினால் சிவப்பாகிவிடும். லைன் நின்றால் நாற்பது திரையும் சிவப்பு. எவளால் சிவப்பானது என்று நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

சட்டம் போட்டவனுக்கு ஒரு புத்தி என்றால் உட்கார்ந்து தைக்கிறவளுக்கு ஒரு புத்தி. இன்று தேடிக் கிடைக்காத முனை, நாளைக்குக் கூட்டும்போது மிஷின் காலடியில் கிடைக்கும். கொண்டுபோய்க் கொடுத்தால், நேற்றே ஏன் தேடவில்லை என்று ஏச்சு. அதனால் கொடுக்கமாட்டார்கள். அடையாள அட்டையைப் போட்டிருக்கிற பிளாஸ்டிக் உறையின் பின்பக்கம் செலோடேப்பில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள். யாருக்காவது முனை தொலைந்தால் இது கை கொடுக்கும். ஒருத்திக்கு ஒருத்தி செய்கிற உபகாரம் என்றுதான் நினைத்தார்கள். நாலாம் லைனில் அப்படி அட்டை இல்லாதவளே கிடையாது.

முன்பெல்லாம் ஒரே கவுனை மூன்று மாதம் தைப்பார்கள். இப்போது வாரத்துக்கு ஒரு மாடல். கை பழகுவதற்குள் அது பழசாகிப் போகிறது. அந்த வாரம் வந்தது பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நூலாக்கிய துணி. பூமியைக் காப்பாற்றுகிற துணியாம். பச்சை இலை போட்ட அட்டை ஒன்று கவுனுக்குக் கவுன் தொங்கும். ஆனால் அதில் ஊசி ஓடினால் சூடேறும், சூடேறினால் உடையும். பூமி பிழைத்ததோ என்னவோ, ஊசி பிழைக்கவில்லை.

"இன்னாக்கா, நின்னுட்ட?" என்றாள் செவ்வந்தி, தலையைத் தூக்காமல்.

"ஊசி பூட்ச்சுடி. முனையக் காணோம்."

"கீய பாத்தியா?"

"பாத்தேன். கவுன ஒதறியும் பாத்தேன்."

"இப்ப கைய தூக்கினா ஏகாம்பரம் ஆடுவான். அம்பது பீஸு பாக்கி கீது. பஸ்ஸ வுட்டுட்டு மானாம்பதி வரிக்கும் நடந்து போலாமா?" சொல்லிக்கொண்டே செவ்வந்தி கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பி, நகத்தால் ஒரு முனையைக் கிள்ளி எடுத்தாள். "இந்தா. இத்த வெச்சுக் குடு."

பாஞ்சாலி ஒரு நிமிஷம் கையிலிருந்த கவுனைப் பார்த்தாள். இரண்டு வயசுக் குழந்தை போடுகிற அளவு. மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. கையைத் தூக்கினாள். ஏகாம்பரம் வந்தான், ஒட்டினான், ஊசி முழுசாக இருக்கிறதா என்று பார்த்தும் பார்க்காமலும் கையெழுத்துப் போட்டான். அவனுக்கும் ஐந்தரைக்குள் கணக்கு முடிய வேண்டுமே.

மூன்றாம் நாள், பெட்டி போடுகிற இடத்தில் பரிசோதனை மிஷின் கத்தியது. ஒரு கவுனின் அக்குள் தையலுக்குள் முனை இருந்தது. நல்லவேளை, எந்தக் குழந்தையையும் தொடவில்லை. ஆனால் அந்தத் துணிக் கட்டின் சீட்டில் மிஷின் நம்பர் இருந்தது. இருபத்து மூன்று. ஏகாம்பரம் ஒட்டிய அட்டையில் பார்த்தால் அந்த ஊசிக்கு ஏற்கெனவே ஒரு முனை ஒட்டியிருக்கிறது. ஒரு ஊசிக்கு இரண்டு முனை எப்படி வரும்?

எச்.ஆர். ஆபீசர் தினகரன் கூப்பிட்டு அனுப்பினார். சின்ன வயசு. கத்தமாட்டார். அதுதான் அவரிடம் பயப்பட வேண்டியது. ஏசி ரூமில் நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"குடிங்கம்மா. பதினோரு வருஷம் நம்மகிட்ட இருக்கீங்க. உங்களை நான் குத்தவாளி மாதிரி நடத்துவேனா? அந்த இன்னொரு முனை யார் கொடுத்தாங்க? அதை மட்டும் சொல்லிடுங்க."

பாஞ்சாலி டீயைத் தொடவில்லை. "எங்கிட்டயே இருந்துச்சி சார்."

"எல்லாரும் இப்படி வெச்சிருக்காங்களா?"

"எனக்குத் தெரியாது சார். நான் வெச்சினு இருந்தேன்."

தினகரன் நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டார். "அமெரிக்காவுல நம்ம சரக்குக்கு வரி ஏத்தினது டி.வி.யில பாத்திருப்பீங்க. சரக்கு வாங்கற பையர் எல்லாம் எப்படா நழுவலாம்னு பாக்கறான். இந்த நேரத்துல ஊசி. அவன் ஆர்டரை ரத்து பண்ணா நாலாம் லைனே இல்ல. நாப்பது குடும்பம். ஒரே ஒரு வழி இருக்கு. இது கம்பெனி தப்பு இல்ல, லைன் தப்பு இல்ல, ஒரே ஒரு ஆள் கவனக்குறைவா பண்ணதுன்னு நீங்க உங்க கைப்பட எழுதிக் கொடுத்தீங்கன்னா, அதை அனுப்பி நான் பேசிப் பாப்பேன். மத்த முப்பத்தொம்பது பேர் பொழைச்சுக்குவாங்க. மூணு மாசம் கழிச்சு உங்களையும் கூப்பிட்டுக்குவேன். என் பொறுப்பு."

பாஞ்சாலி எட்டாவது வரை படித்தவள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். 'இதற்கு முழுக்க முழுக்க நானே பொறுப்பு' என்கிற இடத்தில் பேனா நின்றது. முப்பத்தொன்பது பேரையும் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். செவ்வந்திக்குப் புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் ராஜாராம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "செவ்வந்தி குடுத்தான்னு சொல்றதுக்கு இன்னாமே?"

"சொன்னா அவ வேல பூடும்."

"உன் வேல பூட்ச்சே."

"நமக்கு நெலமாச்சும் கீதுயா. அவளுக்கு இன்னா கீது?"

ராஜாராம் சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டான்.

நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் கம்பெனி கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நாலாம் லைன் தொழிலாளி ஒருவரின் கவனக்குறைவால் வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்துவிட்டபடியால் லைன் நிறுத்தப்படுகிறது என்று. பாஞ்சாலி கைப்பட எழுதிய கடிதத்தை நகல் எடுத்துப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் அவளுடைய கோணல் எழுத்தை நின்று படித்தார்கள்.

தினகரன் பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு அதே போல டீ கொடுத்தார். கம்பெனி என்ன செய்யும், உங்களுக்குள்ளேயே ஒருத்தி இப்படிப் பண்ணிவிட்டாள், இப்போதே சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு நிற்பதாக எழுதிக் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் தருகிறேன், வேறு கம்பெனியில் காட்டலாம், இழுத்தால் அதுவும் கிடைக்காது என்றார். கம்பெனி தானே லைனை மூடினால் அதற்கு நோட்டீஸ், நஷ்டஈடு என்று ஆயிரம் கேள்வி வரும். தானாக நின்றவளுக்கு யார் பதில் சொல்ல வேண்டும்? முப்பத்தொன்பது பேரும் எழுதிக் கொடுத்தார்கள். கோபம் வராமல் இல்லை, கண்ணுகளா. வந்தது. அது கேட்டுக்கு உள்ளே போகாமல் மானாம்பதிப் பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

ரேஷன் கடை வரிசையில் பாஞ்சாலி நின்றால் முன்னால் நிற்கிறவள் நகர்ந்துகொண்டாள். அதே லைனில் காஜா போட்ட கல்பனா, கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த பெண், நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"ஏன் பாஞ்சாலிக்கா, கவுன்ல ஊசிய வெச்சு தெச்சியே, எங்க வவுத்துலயும் சேத்துத் தெச்சுட்டியே. நல்லா கீறியா இப்ப?"

பாஞ்சாலி செவ்வந்தியைப் பார்த்தாள். அவளும் வரிசையில்தான் இருந்தாள். செவ்வந்தி பையை மடித்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல, "நான் பக்கத்துலயே தான் இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாளா?" என்றாள்.

சர்க்கரை வாங்காமலே பாஞ்சாலி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிறகு ஒரு நாள் கம்பெனியிலிருந்து போன். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து, பி.எஃப். பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். போனாள். கேட்டில் வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே நாலாம் லைன் இருந்த பக்கம் ஒரு லாரி பின்பக்கமாக நின்றிருந்தது. தையல் மிஷின்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் பீட்டர் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு, மிஷின் தலையிலிருந்த மஞ்சள் ஸ்டிக்கர் நம்பரைப் படித்துப் படித்து டிக் அடித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு எத்தனையோ தடவை மிஷினைச் சரிபண்ணிக் கொடுத்தவன்.

"இன்னா பீட்டரு, எங்க போவுது இதெல்லாம்?"

பீட்டர் அவளைப் பார்த்ததும் சங்கடப்பட்டான். "வித்தாச்சுக்கா. வடக்க ஒரு யாவாரி. நம்ம கம்பெனிக்காரங்க ஆப்பிரிக்கா பக்கம் கம்பெனி போட்டுக்கினு கீறாங்க இல்ல, அங்க எல்லாம் புது மிஷினாம். தானே நூல் வெட்டும், தானே திருப்பித் தெக்கும், நாலு பேரு வேலைய ஒருத்தி பாக்கலாமாம். இந்தப் பழசு எதுக்கு?"

அப்போது இரண்டு பேர் இருபத்து மூன்றாம் மிஷினைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டினார்கள். பாஞ்சாலி, "இருப்பா, ஒரு நிமிஷம் கீய வை" என்றாள். மிஷின் தலையில் அவள் இழுத்த சந்தனம், மூன்று விரல் பட்டையாகக் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நடுவில் குங்குமம். அத்தனையும் மஞ்சள் ஸ்டிக்கரின் மேலே.

அவள் ஸ்டிக்கரைத் தொட்டாள். "இது ஆடிட்டுக்கு ஒட்டினது தான?"

"ஆடிட்டா?" பீட்டர் சிரித்தான். சிரித்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று அவனுக்குப் பட்டது போல. "யாவாரி ஒட்டினதுக்கா. வந்து பாத்து, இது இது என்னுதுனு நம்பர் போட்டுட்டு போனாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாங்க. தா பாரு, லிஸ்ட்டே கீதே."

காகிதத்தில் தேதி இருந்தது. ஆயுத பூஜைக்கு எட்டு நாள் முந்தைய தேதி. பாஞ்சாலிக்குத் தேதி வேண்டியிருக்கவில்லை. ஸ்டிக்கரின் மேல் சந்தனம் வைத்தது அவள் கை. ஸ்டிக்கர் ஒட்டிய பின்னால் பூஜை. பூஜைக்குப் பின்னால் ஊசி. ஊசி உடையும்போது அந்த மிஷின் கம்பெனியுடையதே இல்லை. விற்றுப்போன மிஷினில் உட்கார்ந்துதான் அவள், பச்சை சிவப்பாகிவிடுமே என்று பயந்திருக்கிறாள்.

"இத்த உரிச்சுக்கவா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்க. யாவாரிக்கு நம்பரு லிஸ்ட்ல கீது."

நகத்தால் மெதுவாக உரித்தாள். சந்தனம் பாதி உதிர்ந்தது, பாதி நின்றது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தினகரன் ரூமுக்குப் போனாள். அவர் இல்லை. ஆப்பிரிக்காவில் போடுகிற கம்பெனியைப் பார்க்கப் போயிருக்கிறாராம், வர இரண்டு வாரம் ஆகுமாம். கிளார்க் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும்போது, "எனுக்கு அனுபவச் சான்றிதழ்?" என்று கேட்டாள். கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுதுல ஒழுங்கு நடவடிக்கைன்னு போட்டிருக்கும்மா. அது தரமாட்டாங்க" என்றான். மூன்று மாதம் கழித்துக் கூப்பிடுவதாகச் சொன்னாரே என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. யார் எதற்குக் கூப்பிடுவார்கள், மிஷினே லாரியில் ஏறிவிட்ட பிறகு?

மறுநாள் காலை ஏழு மணிக்கு மானாம்பதி பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு புதுக் கம்பெனி, நாலாம் லைன் பெண்கள் பதினெட்டுப் பேரை எடுத்திருந்தது. அன்றுதான் முதல் நாள். வேன் வரும் என்று டிபன் பையும் கையுமாக நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"எதுவும் கேக்க வரல. இத்த பாத்துட்டு போங்க" என்று கையை விரித்தாள்.

கல்பனா எட்டிப் பார்த்தாள். "இன்னா இது? நம்ம மிஷின் ஸ்டிக்கரா?"

"மேல இன்னா கீது?"

"சந்தனம்."

"ஸ்டிக்கர் மேல சந்தனம் கீதா, சந்தனத்து மேல ஸ்டிக்கரா?"

ஒவ்வொருத்தியும் தன் மிஷினுக்குத் தானே பொட்டு வைத்தவள். இடமில்லை என்று முணுமுணுத்ததும், ஸ்டிக்கர் மேலேயே இழுத்ததும் அவரவர் விரலுக்கே ஞாபகம் இருந்தது. பாஞ்சாலி வியாபாரியைப் பற்றி, லிஸ்ட்டில் இருந்த தேதியைப் பற்றி, பீட்டர் சொன்னதைப் பற்றிச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள்.

யாரும் மறுக்கவில்லை. அதுதான் அவள் எதிர்பார்க்காதது. மறுத்தால் சண்டை போடலாம் என்று வந்திருந்தாள்.

"அப்ப நம்மள ஏமாத்தி எளுதி வாங்கினானா அந்த ஆளு?" என்றாள் கல்பனா. அவள் கண் கலங்கிவிட்டது. "பாஞ்சாலிக்கா, நான் அன்னிக்கு..."

"வுடு."

"போயி கேக்கலாம்க்கா. எல்லாரும் சேந்து போனா..."

"எங்கடி போறது?" செவ்வந்திதான் கேட்டாள். குரல் உயரவில்லை. "கேட்டாண்ட போயி நின்னா, நீங்களே எளுதிக் குடுத்தீங்களேன்னு காட்டுவான். இன்னிக்கு மொத நாளு. வேன வுட்டா இந்த வேலையும் பூடும்." பிறகு பாஞ்சாலியின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. "நெசமாவே இருக்கட்டும். ஆனா உன் லெட்டர வெச்சுத்தான யக்கா எங்க எல்லாரையும் மடக்கினான். நீ அத எளுதாம இருந்திருந்தா அவன் இன்னாத்த ஒட்டியிருப்பான்?"

பாஞ்சாலிக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. பதினேழு பேர் நடுவில் ஒரே வார்த்தை போதும். அந்த முனை யாருடையது, யாரை மறைக்க அந்த லெட்டரை எழுதினேன் என்று. செவ்வந்திக்கும் அது தெரிந்தது. அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கம்பெனி திருப்பிக் கேட்ட அட்டையைக் கொடுத்துவிட்டாள். ஆனால் பிளாஸ்டிக் உறையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள். அதில் இப்போது புதுக் கம்பெனி கொடுத்த சீட்டு. உறையின் பின்பக்கம் அந்தப் பழைய செலோடேப், அதில் எறும்பு போல நாலைந்து முனைகள்.

வேன் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான். ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். கல்பனா ஏறும்போது பாஞ்சாலியின் தோளைத் தொட்டுவிட்டு ஏறினாள். கடைசியில் செவ்வந்தி படியில் கால் வைத்தாள்.

"செவ்வந்தி" என்றாள் பாஞ்சாலி, அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போல. "அந்த உறைய தூக்கிப் போட்டுடு. அங்க வாசல்லியே மிஷின் வெச்சு சோதிப்பானுங்களாம்."

செவ்வந்தி ஒரு கணம் நின்றாள். டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தான். ஏறிக் கதவை இழுத்துக்கொண்டாள்.

பாஞ்சாலி வீட்டுக்கு வந்தபோது ராஜாராம் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"இன்னாமே, காட்டினியா? நம்பினாளுங்களா?"

"நம்பிட்டாளுங்க."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா. வேன் வந்துச்சு. ஏறிப் பூட்டாளுங்க."